மருவை அறுத்த கத்தி

என் புருஷனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரேவெட்டு என்றால்தான் தெரியும். இறைச்சிக்கூடத்தில் உரித்த மாட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மற்றவர்கள் மூட்டு எங்கே என்று தடவிக்கொண்டிருக்கும்போது இவர் கத்தியை ஒரு தடவை இறக்குவார். தொடை தனியாக விழும். அந்தத் திறமையை வீட்டுக்கும் கொண்டுவந்தார், அதுதான் என் தலையெழுத்து. கோபம் வந்தால் தட்டு பறக்கும், கதவு பெயரும், என் கன்னம் வீங்கும். நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றவளில்லை. ஒரு தடவை இரும்புக் கரண்டியால் அவர் புருவத்தைப் பிளந்துவிட்டேன். அந்தத் தழும்பைக் காட்டி, மாடு முட்டிவிட்டது என்று கூடத்தில் சொல்லிக்கொண்டார். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். பின்பக்கக் கொட்டகையில் குடல் கழுவுகிற வேலை. அதனால் அங்கே நடந்ததெல்லாம் எனக்கு நேரில் தெரியும், யாரும் வந்து கதை சொல்ல வேண்டியதில்லை.

கூடத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் கையில் மரு வரும். நாளெல்லாம் ஈரம், குளிர், பச்சை மாமிசம், விரலெல்லாம் சின்னச் சின்ன வெட்டு. மரு வராமல் என்ன செய்யும்? புதிதாக வந்த ஆளுக்கு முதல் மரு வந்துவிட்டால் கூடமே வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நிற்கும். அவன் கையைப் பலகைமேல் வைத்து, என் புருஷன் சதைக்கத்தியால் அந்த மருவைச் சீவி எடுப்பார். தோல்களுக்குப் போடுகிற கல்லுப்பில் ஒரு பிடி அள்ளி ரத்தத்தின்மேல் வைத்து அழுத்துவார். கத்தினால் எல்லாரும் சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால், “இவன் நம்ம ஆளு” என்று முதுகில் தட்டுவார்கள். மரு என்றால் அவர்களுக்கு அவ்வளவுதான். கத்தி, உப்பு, முடிந்தது வேலை.

அவருக்கு ஒரே தம்பி. கூடத்தின் கத்திகளையெல்லாம் தீட்டுகிறவன். அதனால் சாணை என்றே பெயர் ஆகிவிட்டது. அண்ணன் கத்த வேண்டிய இடத்தில் இவன் சிரிப்பான். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். அண்ணன் தட்டைத் தூக்கி எறிந்தால் இவன் எழுந்துபோய் எடுத்துவந்து, “அண்ணி, தட்டு பறந்து வந்துடுச்சு, சோறு மட்டும் வழியில இறங்கிடுச்சு” என்பான். அந்த வீட்டில் நான் சிரித்ததெல்லாம் அவனால்தான்.

ஒருநாள் சாணைக்கல்லில் கத்தி வழுக்கி அவன் விரலைக் கிழித்துவிட்டது. விரலில் ஏற்கெனவே ஒரு மரு. என் புருஷன் ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் உப்புமாக வந்தார்.

“கையை நீட்டுடா. காயத்தோட சேத்து மருவையும் எடுத்துடறேன்.”

“வேணாண்ணே. தொடாதே.”

“என்னடா, புதுப்பொண்ணு மாதிரி வெக்கப்படறே?” என்று அவன் மணிக்கட்டைப் பிடிக்கப்போனார்.

அவன் பின்னால் துள்ளி, கையை மார்போடு சேர்த்துக்கொண்டான். “அண்ணே, எனக்கு எச்.ஐ.வி இருக்கு. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா உன் கையெல்லாம் வெட்டு. தொடாதே.”

அண்ணனைக் காப்பாற்றத்தான் சொன்னான். அதற்குக் கிடைத்த பரிசைக் கேளுங்கள். கொக்கி தொங்கும் இரும்புக் கம்பியைக் கழற்றி அவன் தாடையில் அடித்தார் என் புருஷன். பல் தெறித்துச் சாக்கடைக் கம்பிமேல் விழுந்தது. விழுந்தவனை மற்றவர்களும் மிதித்தார்கள். கையால் தொடப் பயம், அதனால் பூட்ஸ் காலால். பிறகு தரை கழுவுகிற குழாயைத் திறந்து, ரத்தத்தையும் அவனையும் சேர்த்து வாசல்வரை தண்ணீரால் தள்ளினார்கள். நான் கொட்டகையிலிருந்து ஓடிவந்து என் புருஷனின் முடியைப் பிடித்து இழுத்தேன். எனக்கும் வயிற்றில் ஓர் உதை விழுந்தது.

அன்று மாலையே அவன் படுக்கை, துணி எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு எரித்தார். “அவன் செத்துட்டான். இனிமே இந்த வீட்டுல அவன் பேச்சு எடுத்தா நாக்கை அறுத்துடுவேன்” என்றார். அவன் தீட்டி வைத்திருந்த கத்திகளைக்கூடக் குப்பையில் கொட்டிவிட்டார்கள். பிறகு யாருக்கும் ஒழுங்காகத் தீட்டத் தெரியவில்லை. கூரான கத்தி சொன்ன இடத்தில் போகும், மழுங்கின கத்திதான் கையில் பாயும். ஒருவனுக்குக் கட்டை விரலே போனது. அதற்கும் சாணையைத்தான் திட்டினார்கள்.

உடைந்த தாடை கோணலாகக் கூடி, சாணை பிழைத்துவிட்டான். சந்தையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மின்சாரச் சாணை மிஷின் ஒன்றை வைத்துக் கத்தரிக்கோல், அரிவாள்மணை தீட்ட ஆரம்பித்தான். என் குடல் கத்தி மழுங்கினால் நான் அங்கேதான் போவேன். கத்தி மழுங்காவிட்டாலும் போவேன். மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு முன்னைவிடச் சதை போட்டிருந்தான்.

“அண்ணி, அந்த ஆஸ்பத்திரியில வாயிலேருந்து வால் வரைக்கும் பாக்கறாங்க. அறுக்கப்போற மாட்டைக்கூட நம்ம இப்படிப் பாக்கறதில்ல” என்றான் ஒருநாள்.

“வால்ல என்ன இருந்துச்சாம்?”

“மருதான். உக்கார்ற இடத்துல, உள்பக்கம். எனக்குத் தெரியவே தெரியாது. தன் முதுகே தனக்குத் தெரியாது, அது எங்க தெரியப்போகுது? எச்.பி.வின்னு ஒரு கிருமியாம். கைமருவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ஆனா குணம் வேறயாம். முக்கால்வாசி ஆம்பிளைங்களுக்கு எப்பவாவது வந்துட்டுத் தானாப் போயிடுமாம். எனக்கு இந்த வியாதி இருக்கறதால போகாம உக்காந்துக்கும், புத்துநோயாவும் ஆகலாமாம். அதான் அப்பப்ப பாத்துச் சுட்டுடறாங்க.”

“வலிக்கலையாடா?”

“வலி கெடக்குது அண்ணி. வெக்கம்தான் உயிர் போச்சு” என்று கோணல் வாயால் சிரித்தான்.

நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்த மரு என் வீட்டுக்குள்ளேயே இருந்தது அப்போது தெரியாது.

என் புருஷனின் உள்ளாடையைத் துவைக்கும்போது ரத்தக் கறை பார்த்தேன். மாட்டு ரத்தம் எது, மனுஷ ரத்தம் எது என்று கூடத்தில் வேலை செய்கிறவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். மாட்டு ரத்தம் வெளிப்பக்கம் படும். இது உள்பக்கம் இருந்தது, சீழும் கலந்திருந்தது. கேட்டேன். பதிலாக அறைதான் விழுந்தது. இரண்டு நாள் பொறுத்து, கதவைத் தாழ்போட்டுவிட்டு மறுபடி கேட்டேன்.

“மருதான்டி. கையில வர்றது அங்க வந்திருக்கு. இதுக்குப்போய் ஊரைக் கூட்டறே.”

அதைப் பார்த்தேன். ஆண்குறியின் முனையில் காலிஃபிளவர் துண்டுபோல ஒன்று, நடுவில் குழிந்து, சீழ் ஊறிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் நாக்கு முந்திக்கொண்டது. “தம்பி சொன்னான், இது அந்த எச்.பி.வி கிருமியா இருக்கும், டாக்டர்கிட்டக் காட்டணும்” என்று உளறிவிட்டேன்.

தம்பி என்ற ஒரு சொல்தான் அவர் காதில் ஏறியது. நான் அவனைப் பார்க்கப் போகிறேன், அவன் தீட்டிய கத்தி வீட்டுக்கு வருகிறது, அந்தக் கத்தி வழியாக அவன் வியாதி தனக்கும் வந்துவிட்டது. இப்படி அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். என்னைச் சுவரில் மோதிவிட்டு, எலும்பு வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தார். தலையில் ரத்தம் வழிய நான் பின்னாலேயே ஓடினேன்.

சாணை யாருடைய கத்தரிக்கோலையோ தீட்டிக்கொண்டிருந்தான். பொறி பறந்துகொண்டிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினான். “உன் நாத்தம் புடிச்ச வியாதியை எனக்கும் குடுத்துட்டியேடா” என்று என் புருஷன் கத்தியை இறக்கினார். அவன் விலகினான். கழுத்துக்கு வந்தது தோளில் இறங்கி, ஒரு துண்டுச் சதையைச் சீவிக்கொண்டு போனது. ஒரே வெட்டு தவறியது அன்றைக்குத்தான்.

சனம் ஓடிவந்தது. சாணை துணியைத் தோளில் அழுத்திக்கொண்டு, “யாரும் கிட்ட வராதீங்க, ரத்தத்தைத் தொடாதீங்க” என்றான் முதலில். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

“அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாரு. எனக்கு இருக்கறது உனக்கும் இருந்தா நானே இந்தக் கத்தியை நல்லாத் தீட்டித் தர்றேன். வந்து கழுத்துலயே வெட்டு. ஆனா போய்ப் பாரு.”

போலீஸ் வந்து கேட்டபோது, மிஷின் பட்டுவிட்டது என்றான். எங்கள் குடும்பத்துக்கே இந்தப் பொய் கைவந்த கலை.

மறுநாளே என் புருஷனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தம்பியை வெட்ட ஒரு காரணம் கிடைக்கும் என்றுதான் அவர் வந்திருப்பார். ரத்தம் எடுத்தார்கள். அவர் நாற்காலியில் முஷ்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நெற்றியில் வேர்வை. நர்ஸம்மா வந்து, “உங்களுக்கு எச்.ஐ.வி இல்லை. உக்காருங்க, டாக்டர் அந்தப் புண்ணைப் பாக்கணும்” என்றார்.

முதல் வார்த்தையோடு அவர் காது அடைத்துக்கொண்டது. எழுந்த வேகத்தில் நாற்காலி போய்ச் சுவரில் விழுந்தது. “எனக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்கடி! கேட்டியா? இல்லை!”

“புண்ணைப் பாக்கணும்னு சொல்றாங்க. உள்ள வாங்க.”

“மடியில கனமில்ல, எனக்கு வழியில என்ன பயம்? அவனுக்கு இருக்கற வியாதி எனக்கு இல்ல. இது வெறும் மரு.”

கதவில் குறுக்கே நின்றேன். என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று கூடத்தில் எல்லாருக்கும் அவர் செலவில் குடி. நான் சுத்தமானவன், நான் சுத்தமானவன் என்று மாட்டுத் தலைகளிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. பிழைக்க வைப்பதற்காகக் கொல்லவேண்டும்போல.

சில நாள் கழித்து, மதியம், நான் குடல் தொட்டியில் கை வைத்திருந்தேன். தோல் கிடங்கிலிருந்து ஓர் அலறல் கேட்டது. மாடுகூட அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஓடினேன். உப்புக் குவியலின்மேல் கால்களை அகட்டி உட்கார்ந்திருந்தார். கையில் சதைக்கத்தி. மற்றவர்களின் மருவை எப்படி எடுப்பாரோ, அப்படியே தன்னுடையதையும் சீவிவிட்டு உப்பை வைத்து அழுத்தியிருந்தார். வெள்ளை உப்பு அவரைச் சுற்றிச் சிவப்பாகக் கரைந்துகொண்டிருந்தது.

ஆட்கள் வாசலில் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, முதுகில் தட்டவும் இல்லை. கிட்டேயும் வரவில்லை. இல்லை என்று அவர் குடி வாங்கிக் கொடுத்தும், தம்பியின் வியாதி என்றே நினைத்தார்கள். தலைத்துணியை அவிழ்த்து அழுத்திக் கட்டி, இறைச்சி வண்டியில் நானே ஏற்றிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு பெண். மிச்சமிருந்ததிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். “இது புற்றுநோய். ரொம்ப நாளா இருந்திருக்கு. கைமருவும் இதுவும் ஒண்ணில்ல. எச்.பி.வியில பல வகை இருக்கு, கெட்ட வகை சிலருக்குப் போகாம தங்கிடும். எச்.ஐ.வி இருக்கறவங்களுக்கு அதிகமாத் தங்கும், உண்மைதான். ஆனா இல்லாதவங்களை விட்டுடாது. முன்னாடி பாதியை எடுக்கணும். இப்ப எடுத்தா உயிர் பிழைக்கலாம்.”

“யாருகிட்டேருந்து வந்துச்சு?” என்று நான் கேட்டேன். பொண்டாட்டி கேட்காமல் வேறு யார் கேட்பது?

“சொல்ல முடியாதும்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாம். நீங்களும் சோதனை பண்ணிக்கணும்.”

என் புருஷன் மருந்து தொங்கும் கம்பத்தைப் பிடுங்கி ஜன்னலில் அடித்தார். கண்ணாடி படுக்கையெல்லாம் சிதறியது. “என்னைக் காயடிக்கப் பாக்கறீங்களா? காயடிச்ச மாட்டை நான் எத்தனை பாத்திருக்கேன்! நான் ஆம்பிளையாவே சாவறேன்!” பிடிக்க வந்த காவலாளியின் மூக்கை உடைத்துவிட்டு, ஆஸ்பத்திரி உடுப்போடு தெருவில் இறங்கி நடந்தார்.

விஷயத்தை நான் போய்ச் சொன்னதும் சாணை எங்கள் வீட்டுக்கு வந்தான். படுக்கையை எரித்து அவனைத் துரத்திய பிறகு முதல் தடவையாக. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, “அண்ணே, எனக்குச் சுட்டு எடுத்தப்ப நானும் அழுதேன். அப்புறம் எந்திரிச்சு வந்து டீ குடிச்சேன். போய் வெட்டிக்கோண்ணே” என்றான். உள்ளேயிருந்து ஒரு பானை வந்து அவன் காலடியில் உடைந்தது. மறுநாளும் வந்தான். கடை திறக்கப் போவதற்கு முன், தினமும் காலையில் வந்து கட்டுத்துணியை என்னிடம் கொடுத்துவிட்டு, வெளிச்சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். உள்ளே அவர் கெட்ட வார்த்தையில் திட்டுவார். இவன் கேட்டுக்கொண்டிருப்பான். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது.

நான் போய்ச் சோதனை பண்ணிக்கொண்டேன். அதே கிருமி எனக்கும் இருந்தது. கர்ப்பப்பை வாயில் கெட்டுப்போக ஆரம்பித்த இடத்தை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து அவரிடம் சொன்னேன். அடிக்கட்டும் என்று கையில் கரண்டியோடுதான் நின்றேன். அவர் அடிக்கவில்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாலயா?”

“யாராலன்னு யாருக்கும் தெரியாதாம். நான் காலை அகட்டிப் படுத்துக் காட்டினேன், எடுத்துட்டாங்க. நான் என்ன பொம்பளை இல்லாம போயிட்டேனா?”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, “சரி. வெட்டச் சொல்லு” என்றார். அந்த மனுஷன் தோற்று நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்குப் பிரியம் இன்னும் மிச்சமிருப்பதும் தெரிந்தது.

ஆனால் அதற்குள் தொடை இடுக்கில் நெறி கட்டி, கல்லாகி, தோல் கருத்திருந்தது. டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது. நோய் அங்கே இறங்கிவிட்டது, உடனே வந்து படுங்கள் என்றார். மறுநாள் காலை கிளம்புவதாக இருந்தோம்.

காலையில் துணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலிலிருந்து எழுந்து காலை ஊன்றினார். கட்டி வெடித்தது. சீழ் இல்லை, ரத்தம். மாட்டின் கழுத்தை அறுத்தால் எப்படிப் பீச்சுமோ அப்படிச் சுவர்வரை போனது. அவருக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பார்த்ததுதானே. நான் போட்ட கூச்சலில் சாணை கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

அண்ணன் பழக்கத்தில் கையைத் தூக்கி, “தொடாதே” என்றார்.

“என் கையில இன்னிக்குக் காயமில்லண்ணே” என்று சொல்லிக்கொண்டே அவன் இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் குழியில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினான். விரலிடுக்கு வழியாக ரத்தம் வந்துகொண்டேயிருந்தது. நான் வண்டிக்கு ஆள் கூப்பிட்டுக் கத்தினேன். என் புருஷன் முகம் வெளுத்துக்கொண்டே போனது. தம்பியின் கோணல் தாடையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையை எடுக்காதேடா” என்றார்.

அவன் எடுக்கவில்லை. ரத்தம் நின்ற பிறகும், நான் சொல்லும்வரை எடுக்கவில்லை.

கூடத்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். வந்து, எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றார்கள். மேஸ்திரி வேலைக்குப் போடுகிற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்படியும் படி ஏறவில்லை. “தம்பி வியாதி அண்ணனையும் கொண்டுபோயிடுச்சே” என்று யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால் எனக்கு ஒரு வாய் இருக்கிறதே. வாசலுக்கு வந்தேன். கையெல்லாம் அவர் ரத்தம், இன்னும் கழுவவில்லை.

“நல்லாக் கேட்டுக்கோங்க. அவருக்கு அந்த வியாதி இல்ல. இருக்கறவன் இதோ நிக்கிறான், கிழங்கு மாதிரி. அவனுக்கும் மரு வந்துச்சு, இவருக்கும் மரு வந்துச்சு. அவனுக்கு வியாதி இருக்குன்னு துணியை அவுத்துப் பாத்தாங்க, பொழைச்சான். இவருக்கு இல்லைன்னு சொன்னாங்க, எந்திரிச்சு வந்துட்டாரு. அந்த இல்லைங்கற வார்த்தைதான்டா இவரைக் கொன்னுச்சு.”

ஒருவன் தன் கைமருவைச் சொறிந்துகொண்டிருந்தான், நான் பார்த்ததும் கையைப் பையில் விட்டுக்கொண்டான். தூக்குவதற்கு யாரும் முன்னால் வரவில்லை. சாணை தலைப்பக்கம் போய் நின்றான். நான் கால்பக்கம் பிடித்தேன்.